எழுத்துக்குள் இருக்கும் வெள்ளை: வாசகர் கேள்வி – பதில்

எழுத்துரு வடிவமைப்பையும் அச்சுக்கோப்பையும் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் ஆறுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். முதற்கடிதம் பலருடைய மனத்தில் இருக்கும் கேள்வியைக் கேட்கிறது என்பதால் அதற்கு நீளமாகவே எழுத வேண்டியதாயிற்று.

அழைப்பிதழ், விளம்பரம், புத்தக அட்டை என ஆறு ஆண்டுகளாக வடிவமைப்புத் தொழிலில் இருக்கிறேன். மென்பொருள்கள் நன்றாகப் பழகிவிட்டன. ஆனால் நானே ஒரு தலைப்பெழுத்தை வரைந்தால் அது உயிரில்லாமல் கிடக்கிறது. அலங்காரம் சேர்த்தால் படிக்க முடியாமல் போகிறது. உணர்ச்சியைச் சொல்லும் எழுத்தை வரைய எங்கிருந்து கற்கத் தொடங்க வேண்டும்?
– வாசகி, கோயம்புத்தூர்

உங்கள் கடிதத்தில் 'அலங்காரம் சேர்த்தால்' என்ற தொடரை இருமுறை படித்தேன். உணர்ச்சியை வெளியிலிருந்து கொண்டுவந்து எழுத்தின்மேல் ஒட்டும் பழக்கம் நம் தொழிலில் வேரூன்றிவிட்டது. மழை என்றால் துளி சொட்ட வேண்டும், தீ என்றால் நாக்கு நீள வேண்டும், காதல் என்றால் ஏதாவது ஒரு சுழி இதயமாக மாற வேண்டும். ஒட்டியதை உரித்துவிட்டுப் பார்த்தால் அடியில் இருப்பது எல்லோருடைய கணினியிலும் இருக்கும் ஓர் எழுத்துருவாகத்தான் இருக்கிறது. அதனால்தான் அது உயிரில்லாமல் தெரிகிறது.

ஒவ்வோர் எழுத்திலும் அதை இன்ன எழுத்து என்று காட்டிக்கொடுக்கும் பகுதி ஒன்று உண்டு. எவ்வளவு நீட்டினாலும் வளைத்தாலும் அடையாளம் கெடாத பகுதியும் உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவே எல்லை எங்கே ஓடுகிறது என்பதைக் கண் அறிந்த பிறகே கை துணிய முடியும். அதற்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். ழ என்ற எழுத்தை உள்ளங்கை அளவுக்குத் தடிமனாக எழுதுங்கள். ஒரு தாள் துண்டைக் கீழிருந்து மேலாக மெல்ல நகர்த்தி மறைத்துக்கொண்டே வந்து, பக்கத்தில் இருப்பவரிடம் அது என்ன எழுத்து என்று கேளுங்கள். கீழே தொங்கும் வளைவு மறைந்ததும் அவர் ம என்று சொல்லத் தொடங்குவார். ழகரத்தின் உயிர் அந்த வளைவில் இருக்கிறது என்பதும், மேற்பகுதியில் உங்களுக்கு நிறையச் சுதந்திரம் உண்டு என்பதும் அப்போது விளங்கும். ஏகாரத்தின் அடியில் இருக்கும் ஒரே ஒரு சாய்கோடு, ஓகாரத்தின் கீழ்ச்சுழி, ரகரத்தைக் காலிலிருந்து பிரித்துக் காட்டும் அடிக்கீற்று என எல்லாவற்றையும் இப்படி மறைத்துப் பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். நான் அறிந்தவரை எழுத்து வரைபவருக்கு இதைவிடப் பயனுள்ள குறிப்பேடு கிடையாது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பிழையின் வழியாக. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வார இதழின் கல்யாணச் சிறப்பிதழுக்காகத் தடித்த எழுத்துரு ஒன்றை வரைந்து கொடுத்தேன். திரையில் கம்பீரமாக நின்றது. மெல்லிய செய்தித்தாளில் அச்சாகி வந்தபோது, 12 புள்ளி (பாயின்ட்) அளவில் வைத்திருந்த துணைத்தலைப்புகளில் எல்லாம் ணகரத்தின் சுழிகளுக்குள் மை பரவி அடைத்துக்கொண்டிருந்தது. மூன்று சுழியா இரண்டு சுழியா என்று எண்ண முடியவில்லை. பக்கம் முழுவதும் 'திருமணம்' 'திருமனம்' ஆகிவிட்டது. நான் கறுப்பை மட்டுமே வரைந்திருக்கிறேன், அதற்குள் அடைபட்டிருக்கும் வெள்ளையை வரையவே இல்லை என்பது அன்று புரிந்தது. பிறகு ணகரத்தின் அகலத்தைக் கூட்டி, சுழிகளுக்குள் ஓடும் கோடுகளை வெளிக்கோடுகளைவிட மெலிதாக்கி, இரு கோடுகள் சேரும் மூலைகளில் மை தேங்குவதற்காகச் சிறு வெட்டுகள் கொடுத்துத் திருத்தினேன். மூலையை வெட்டும் இந்த உத்தியை மிகத் தெளிவாகக் காட்டும் எழுத்துரு பெல் சென்டெனியல். அமெரிக்கத் தொலைபேசிக் கையேடுகளுக்காக மாத்யூ கார்ட்டர் 1970-களில் வரைந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் எலி கடித்ததுபோல் இருக்கும் அந்த எழுத்து, கையேட்டின் பொடி அளவில் மை பரவியதும் ஒழுங்கான எழுத்தாகிவிடும்.

வெள்ளையைப் பார்க்கக் கற்றவருக்கு உணர்ச்சியும் அங்கேயே கிடைக்கிறது. என் வகுப்பில் ஒருமுறை 'சுமை' என்ற சொல்லைக் கொடுத்து, படமோ வண்ணமோ சேர்க்காமல் எழுத்தாலேயே அதை உணர்த்தச் சொன்னேன். ஒரு மாணவர் முதலில் எழுத்துகளைச் செங்கற்களால் கட்டிக் கொண்டுவந்தார். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இந்தச் சொல்லில் எது எதன்மேல் சாய்ந்திருக்கிறது என்று மட்டும் கேட்டேன். மூன்று நாள் கழித்து வந்தார். ஐகாரக் குறியான இணைக்கொம்பு மகரத்துக்கு முன்னால் நிற்பது நம் எழுத்தின் இயல்பு. அவர் அந்தக் கொம்பை உயரமாகவும் தடிமனாகவும் வரைந்து சற்றே வலப்பக்கம் சாய்த்து, அதன் கீழ் மகரத்தை ஒடுக்கி உட்கார வைத்திருந்தார். சுகரத்தில் கை வைக்கவில்லை. சொல்லைப் பார்த்தவுடன் தோள் வலித்தது. ஆனால் ஒடுக்கியதில் மகரத்தின் வலப்பக்கக் கூடு அடைபட்டு, தூரத்திலிருந்து பார்த்தால் பகரமாகி, 'சுபை' என்று தெரிந்தது. கூட்டுக்குள் ஓர் ஊசி அகலத்துக்கு வெள்ளையைத் திறந்துவிட்டு, அதை ஈடுகட்டும்படி அடிக்கோட்டைத் தடிப்பாக்கச் சொன்னேன். சொல்லும் மீண்டது, பாரமும் குறையவில்லை. அந்த ஊசி அகலத்தை எங்கே, எவ்வளவு திறப்பது என்பதில்தான் நீங்கள் கேட்கும் பயிற்சி முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஆகவே கணினியை மூன்று மாதம் தள்ளி வையுங்கள். பட்டைத் தூரிகை ஒன்றும் சாய்நுனிப் பேனா ஒன்றும் வாங்கிக்கொண்டு நாளுக்கு ஓர் எழுத்து மட்டும் எழுதுங்கள். கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்பதைத் தீர்மானிப்பது கருவியும் அதைப் பிடிக்கும் கோணமும்தான் என்பது கை வழியாகத் தெரிய வரும். எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்பதால் சுவடிகளில் புள்ளி வைக்காமல் எழுதினார்கள். உளி கல்லில் வேறுவிதமாக நடந்தது. தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகும்போது அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளின் அருகே ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அந்த எழுத்துகளில் பாதியைக்கூட நம்மால் வாசிக்க முடியாமல் போகலாம். ஆனால் எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே விட்ட இடைவெளி வரி முழுவதும் எப்படி ஒரே மூச்சில் ஓடுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். ஓவியர் கே.எம். ஆதிமூலம் சிற்றிதழ்களுக்கும் நூல் அட்டைகளுக்கும் எழுதிய தலைப்பெழுத்துகள் எங்காவது கிடைத்தால் அவற்றையும் பாருங்கள். அவருடைய கோட்டோவியங்களில் ஓடும் அதே கை எழுத்திலும் ஓடுகிறது. அவருடைய எழுத்தைப் படியெடுக்க வேண்டாம். எந்த இடத்தில் கை வேகமெடுத்தது, எங்கே நின்றது என்பதைத் தொடர்ந்து பாருங்கள்.

புத்தகப் பக்கங்களை அமைக்கும் வேலை செய்கிறேன். இரு ஓரமும் சமமாக இருக்கும்படி வைத்தால் சொற்களுக்கு நடுவே ஆறுபோல வெள்ளை ஓடுகிறது. எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டிச் சரிசெய்கிறேன். பதிப்பாளர் அசிங்கமாக இருக்கிறது என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், நாகர்கோவில்

பதிப்பாளர் சொல்வதுதான் சரி. 'கொ' என்ற எழுத்து கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டுகளாக நிற்கிறது. நீங்கள் எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டும்போது அந்தத் துண்டுகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. 'கொடை' என்ற இரண்டெழுத்துச் சொல்லில் ஐந்து துண்டுகள் தனித்தனியாக மிதக்கும். கொம்பு எந்த மெய்யோடு சேர வேண்டும் என்று கண் ஒரு கணம் தேடுகிறது. ஒரு பக்கத்தில் இப்படி நூறு முறை தேட நேர்ந்தால் வாசகர் காரணம் தெரியாமலேயே புத்தகத்தை மூடி வைத்துவிடுவார்.

நோயின் மூலம் வேறு இடத்தில் இருக்கிறது. தமிழ்ச் சொற்கள் ஒட்டிக்கொண்டே போகும் இயல்புடையவை. 'வந்துகொண்டிருந்தவர்களுக்காகவும்' என்பது ஒரே சொல். குறுகிய பத்தியில் இப்படி ஒன்று அடுத்த வரிக்குப் போய்விட்டால், மிச்சமுள்ள மூன்று சொற்கள் முழு அகலத்தையும் நிரப்ப வேண்டியிருக்கிறது. பத்தியை அகலமாக்க முடியுமானால் அதை முதலில் செய்யுங்கள். முடியாதென்றால் சொல்லை உடைக்க அனுமதியுங்கள். பழைய அச்சுக்கோப்பாளர்கள் இணைப்புக்கோடு போடாமலேயே சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் வரியின் தொடக்கத்தில் புள்ளி வைத்த எழுத்து வரக் கூடாது என்ற கட்டுப்பாட்டைக் கண்டிப்பாகக் காத்தார்கள். 'பட்டம்' என்பதை 'பட்' என்றும் 'டம்' என்றும் உடைக்கலாம், 'ப' என்று வரியை முடித்து 'ட்டம்' என்று தொடங்கக் கூடாது. ஒரே ஓர் எழுத்தை மட்டும் தனியாக விட்டுவைப்பதையும் தவிர்த்தார்கள். இரண்டும் இன்றைக்கும் பொருந்தும். கவிதைக்கும் குறுகிய பத்திக்கும் வலது ஓரத்தை அப்படியே விட்டுவிடுவதில் ஒரு குறையும் இல்லை. எனக்கு அதுவே பிடித்தமானது.

வரி உயரத்தையும் கவனியுங்கள். நமக்கு மேலே இகரக் குறியான விலங்கும் ஈகாரக் குறியின் சுழியும், கீழே மூ, ழூ, கூ போன்றவற்றின் இறக்கமும் உண்டு. மேல்வரியின் ஊகாரம் கீழ்வரியின் ஈகாரத்தை இடிக்காமல் இருக்க, பெரும்பாலான எழுத்துருக்களில் 11 புள்ளி எழுத்துக்கு 16 புள்ளி வரி உயரமாவது வேண்டும். பக்க அமைப்பு மென்பொருளான இன்டிசைனில் ஒருங்குறித் (யூனிகோட்) தமிழைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் கொம்புகள் இடம் மாறி நிற்கும்.

தமிழில் 247 எழுத்துகள் இருக்கின்றனவே, ஓர் எழுத்துருவுக்கு அத்தனையும் வரைய வேண்டுமா? எந்த மென்பொருள் வாங்க வேண்டும்? நான் கல்லூரி மாணவன், செலவு செய்ய வசதியில்லை.
– வாசகர், திருச்சி

வரைய வேண்டியது 247-இல் பாதி. உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18 என்று 31. புள்ளி வைத்தவை, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என்ற ஐந்து வரிசைகளில் 18 வீதம் 90. இதோடு கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, இணைக்கொம்பு, ஔகாரத்துக்கு வரும் ளகர வடிவக் குறி என்று 5. மொத்தம் 126 வடிவங்கள் இருந்தால் 247-ம் கிடைத்துவிடும். ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, ஸ்ரீ ஆகிய கிரந்த வடிவங்கள், எண்கள், நிறுத்தக்குறிகள் தனி.

உழைப்பு முழுவதையும் விழுங்குவது உகர ஊகார வரிசைகள்தான். சு, பு, யு, வு, ஙு ஆகியவற்றில் கோடு நேரே கீழே இறங்குகிறது. கு, டு, மு, ரு, ழு, ளு ஆகியவற்றில் வளைந்து சுற்றுகிறது. து, நு, ணு, லு, னு, று, ஞு ஆகியவற்றில் கால்போல வலப்பக்கம் நீள்கிறது. ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒன்றை வரைந்து முடித்துவிட்டு மற்றவற்றுக்குப் போனால், வரிசை முழுவதும் ஒரே குரலில் பேசும். அகர வரிசைப்படி ஒவ்வொன்றாக வரைந்துகொண்டே போனால் றூகாரத்துக்கு வரும்போது உங்கள் கை மாறியிருக்கும், தொடக்கத்தில் வரைந்ததையெல்லாம் திருத்த வேண்டியிருக்கும்.

மென்பொருளுக்கு ஃபான்ட்ஃபோர்ஜ் போதும். அது இலவசம், கட்டற்ற மென்பொருள். மேக் கணினி கைக்கு வரும் காலத்தில் கிளிஃப்ஸ் (Glyphs) என்ற மென்பொருளை வாங்கிக்கொள்ளலாம். அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அனேக் தமிழ் என்ற எழுத்துரு திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. மெலிவு முதல் தடிமன் வரை, ஒடுக்கம் முதல் அகலம் வரை ஒரே குடும்பமாக விரிவது. அதன் மிக மெலிந்த ணகரத்தையும் மிகத் தடித்த ணகரத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். எந்தக் கோடு தடித்தது, எது ஏறத்தாழ அப்படியே நின்றது, வெள்ளை எங்கே ஒதுங்கியது என்பதைக் கவனிக்க ஒரு மாலைப்பொழுது செலவாகும். கட்டணம் கட்டிப் படிக்கும் பல வகுப்புகளில் இது கிடைக்காது. இணையத்தில் கிடைக்கும் திறந்த உரிமத் தமிழ் எழுத்துருக்களில் இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வரைந்த கவிவாணரும், பிரியா ரவிச்சந்திரன் வரைந்த கட்டமரானும் உங்கள் நோக்கத்துக்கு உதவும். முன்னது சாய்ந்த கையெழுத்தின் ஓட்டத்தைப் பிடிக்கிறது. பின்னது ஒரே வடிவத்தை ஒன்பது தடிமன்களில் காட்டுகிறது.

இதை முறையாகப் படிக்க எங்கே போகலாம்?
– வாசகி, சென்னை

இந்தியாவுக்குள் என்றால் மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புப் பள்ளியும் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனமும். மும்பையில் ஆர்.கே. ஜோஷி பல ஆண்டுகள் கற்பித்து, இந்திய எழுத்துகளுக்கென்று ஒரு மரபையே உருவாக்கினார். வெளிநாடு போக முடியுமானால் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் எழுத்துரு வடிவமைப்புக்கென்றே முதுகலைப் படிப்பு இருக்கிறது. பல நாட்டு எழுத்துமுறைகளையும் பழைய அச்சு ஆவணங்களையும் அருகில் வைத்துக்கொண்டு கற்பிக்கிறார்கள். எங்கே படித்தாலும் தமிழை உங்களுக்குப் பிறர் கற்பிக்கப்போவதில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டுப் புத்தகங்களின் முகப்புப் பக்கங்களைப் பார்ப்பதற்காக மாதம் ஒருமுறை அங்கே போய்வாருங்கள்.

1950-களில் நடக்கும் ஒரு நாவலுக்கு அட்டை வரைகிறேன். தலைப்பில் லைகாரம் வருகிறது. யானைத் துதிக்கைபோல் முன்னால் வளையும் பழைய லைகாரத்தைப் போடலாமா? பிழை என்று சொல்வார்களா?
– வாசகர், யாழ்ப்பாணம்

தாராளமாகப் போடலாம். பெரியார் 1935-இலேயே தம் இதழ்களில் இந்தப் பழைய வடிவங்களை மாற்றும் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கைக்கொண்டார் என்றாலும், தமிழ்நாட்டில் அரசாணை வந்தது 1978-இல். ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலியவற்றின் பழைய வடிவங்கள் அதுவரை பொது அச்சில் புழங்கின. முதியோரின் கையெழுத்தில் இன்னும் இருக்கின்றன. எழுத்தின் வடிவம் என்றும் இப்படியே இருந்தது என்று எண்ணுபவர்களுக்கு, எகர ஏகார வேறுபாட்டை இன்று நாம் எழுதும் முறையே 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவரிடமிருந்து வந்தது என்பதைச் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்றை மட்டும் பழையதாக்கிவிட்டு மற்றவற்றை விட்டுவிடாதீர்கள். அக்கால அச்சில் ரகரத்துக்குப் புள்ளியோ விலங்கோ வந்தால் அடிக்கீற்றைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். 'ர்' புள்ளி வைத்த கால்போல நிற்கும். உங்கள் தலைப்பிலோ ஆசிரியர் பெயரிலோ அந்த எழுத்து வந்து, அதில் இன்றைய கணினி எழுத்துருவின் கீற்று நீண்டுகொண்டிருந்தால், பழைய லைகாரம் மாறுவேடம் போட்டதுபோல் தனித்து நிற்கும். அந்தப் பத்தாண்டின் நூல்கள் நான்கைந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரையுங்கள். எழுத்துருவாகவே செய்கிறீர்கள் என்றால் பழைய வடிவங்களை மாற்று வடிவங்களாகச் சேர்த்துவிடலாம். ஒருங்குறியில் 'லை' என்பது எந்த வடிவத்தில் தெரிந்தாலும் லகரமும் ஐகாரக் குறியும்தான். ஆகவே தேடலில் எந்தச் சிக்கலும் வராது.

நாற்பது ஆண்டுகள் அச்சகம் நடத்தி மூடிவிட்டேன். ஈய எழுத்துகள் பெட்டிகளில் அறை அறையாக இருக்கின்றன. எடைக்குக் கேட்கிறார்கள். மகன் விற்றுவிடச் சொல்கிறான். இந்தக் காலத்தில் இவற்றால் யாருக்காவது பயன் உண்டா?
– வாசகர், மதுரை

ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். தயவுசெய்து அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள்.

தமிழின் முதல் அச்சு நூல்களில் ஒன்றான தம்பிரான் வணக்கம், கொல்லத்தில் 1578-இல் அச்சான, பதினாறே பக்கமுள்ள சிறு நூல். அதற்கான எழுத்துகள் கொல்லத்திலேயே வார்க்கப்பட்டன. முந்திய ஆண்டு கோவாவில் வார்த்த எழுத்துகளின் மாதிரியும் அதே நூலில் அச்சிடப்பட்டிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, தமிழ் எழுத்தை வார்க்க அடுத்தடுத்து இருமுறை முயன்றது நம் கண்முன்னே நிற்கிறது. தரங்கம்பாடி மிஷன் அச்சகத்துக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713-இல் வந்த எழுத்துகள் மிகப் பெரியவையாக இருந்து தாளை விழுங்கியதால், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். இவற்றையெல்லாம் இன்று நாம் அறிவது தாளில் பதிந்த தடத்தின் வழியாகத்தான். உங்களிடம் தடமும் இருக்கிறது, உலோகமும் இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை சில உண்டு. ஒவ்வோர் அளவிலும் ஒரு முழு வரிசையை எடுத்துத் துடைத்து, வழுவழுப்பான தாளில் மெல்லிய மையில் ஒற்றி எடுங்கள். மை அதிகமானால் சுழிகள் அடைபட்டுவிடும். இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே எழுத்தின் சிறிய அளவும் பெரிய அளவும் வெறுமனே சிறிதாக்கிப் பெரிதாக்கியவை அல்ல என்பதும், சிறிய அளவில் ணகரத்தின் சுழிகளை அகலமாகத் திறந்து வெட்டியிருப்பார்கள் என்பதும் அந்தத் தாளைப் பார்க்கும் மாணவர்களுக்குத் தெரிய வேண்டும். கணினியில் ஒரே வரைபடத்தை எல்லா அளவுக்கும் நீட்டிச் சுருக்கிப் பழகியவர்கள் அவர்கள்.

பிறகு எழுத்துகளைக் கலைக்காமல் அறைகளை அப்படியே மேலிருந்து படமெடுங்கள். எந்த எழுத்துக்குப் பெரிய அறை, எது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, எது மூலையில் கிடந்தது என்பதை அடுக்கியவருக்குத்தான் தெரியும். எந்த அறையில் எது என்று ஒரு தாளில் உங்கள் கையாலேயே எழுதி வையுங்கள். எழுத்துக்கட்டையின் பக்கவாட்டில் வார்ப்படச் சாலையின் பெயரோ எண்ணோ இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மர எழுத்துகள் இருந்தால் அவற்றைத் தனியாகத் துணியில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். சுவரொட்டித் தலைப்புகளுக்காகச் செதுக்கிய அந்த எழுத்துகள் கோவைச் சகோதரி கேட்ட கேள்விக்கு நேரான பாடம்.

ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் கலந்த உலோகம் என்பதால் கையுறை அணிந்துகொண்டு, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். பேரப்பிள்ளைகள் எடுத்து விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒற்றிய தாள்கள் தயாரானதும் இதழின் முகவரிக்கு ஒரு படியை அனுப்பிவையுங்கள். உங்கள் மகனுக்கு இடம் வேண்டுமென்றால், மதுரையில் வடிவமைப்போ காட்சித் தொடர்பியலோ கற்பிக்கும் கல்லூரி எதையாவது அணுகி அறைகளை முழுத் தொகுதியாக ஏற்றுக்கொள்ளக் கேளுங்கள். அள்ளிப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டாம். ஒரு வரிசையில் நான்கு எழுத்துகள் குறைந்தாலும் அதைக்கொண்டு ஒரு முழு வரி கோக்க முடியாது.